போபால்: ஊடகம் எதை நினைவில் வைத்தது, எதை விட்டது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதழியல் படிக்கிற பிள்ளைகளோடு வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் போபாலைப் பற்றிப் பேசுகிறேன். எல்லாருமே 2000க்கு அப்புறம் பிறந்தவர்கள். போபால் என்றதும் ‘விஷவாயு’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் கேட்டால் ஒரு குழந்தையின் படம், ஒரு ஓடிடி தொடர், பள்ளிப் புத்தகத்தில் படித்த ஒரு பக்கம், அவ்வளவுதான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், போபாலில் நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கி 3ஆம் தேதி விடிவதற்குள் நடந்து முடிந்தது. மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலில் யூனியன் கார்பைடு இந்தியா என்ற நிறுவனத்தின் பூச்சிமருந்து ஆலை இருந்தது. அமெரிக்கத் தாய் நிறுவனத்துக்கு அதில் 50.9 சதவீதப் பங்கு. ‘செவின்’ என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரிப்பதற்காக மெத்தில் ஐசோசயனேட் என்ற ரசாயனத்தைத் தொட்டிகளில் சேமித்து வைத்திருந்தார்கள். 610 என்ற எண்ணிட்ட தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, உள்ளே சூடேறி, சுமார் 40 டன் வாயு வெளியே போனது.

தொட்டியைக் குளிராக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசிகிற வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். அது வாயு வெளியேறிய உயரத்துக்கு எட்டவில்லை.

காற்றைவிடக் கனமான வாயு. தரையோடு தரையாக ஊர்ந்து ஜே.பி. நகர், காஜி கேம்ப் பக்கத்துக் குடிசைகளுக்குள் நுழைந்தது. யாரோ பக்கத்தில் மிளகாய் வற்றலைக் கொட்டி எரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம் என்று உயிர் தப்பியவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். இருமிக்கொண்டே எழுந்து வெளியே ஓடினார்கள். ஓடியவர்களுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்க வாங்க வாயு இன்னும் உள்ளே போனது. ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். அதைச் சொல்ல அந்த நேரத்தில் ஆள் இல்லை.

நடப்பதற்கு முன்னால் எந்தப் பத்திரிகையும் இதைப் பற்றி எழுதவே இல்லையா?

எழுதியது. என் வகுப்பை எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கசிந்து அஷ்ரஃப் கான் என்ற தொழிலாளி இறந்தார். ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளருக்கு அவர் தெரிந்தவர். கேஸ்வானி அப்போது ‘ரபட்’ என்ற பெயரில் சின்ன ஹிந்தி வார இதழ் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சாவை ஒரு நாள் செய்தியாகப் போட்டுவிட்டு அவர் நகரவில்லை. தொழிலாளர்களோடு பேசினார். ரசாயனம் படித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த கம்பெனி ஆய்வாளர்களே 1982 மே மாதம் ஆலையைப் பார்த்துவிட்டுக் குறைகளைப் பட்டியல் போட்டிருந்தார்கள். அந்த அறிக்கையையும் தேடிப் பிடித்தார்.

1982 செப்டம்பர், அக்டோபரில் அடுத்தடுத்து மூன்று கட்டுரைகள் வந்தன. தலைப்புகளைத் தமிழில் சொன்னால்: ‘காப்பாற்றுங்கள் ஐயா, இந்த ஊரைக் காப்பாற்றுங்கள்’, ‘எரிமலையின் வாயில் உட்கார்ந்திருக்கிறது போபால்’, ‘புரிந்துகொள்ளாவிட்டால் கடைசியில் அழிந்தே போவீர்கள்’. முதலமைச்சருக்குக் கடிதமும் எழுதினார். அந்த ஆண்டு கடைசியில் சட்டசபையில் கேள்வி வந்தபோது, 25 கோடி ரூபாய் போட்டுக் கட்டிய ஆலை, இங்கிருந்து தூக்கி அங்கே வைக்க அது ஒரு கல்லா என்ற பாணியில்தான் அரசின் பதில் இருந்தது. 1984 ஜூனில் ‘ஜன்சத்தா’ நாளிதழில் மறுபடியும் எழுதினார். ஆறு மாதம்கூட ஆகவில்லை. தொட்டியிலிருந்து வாயு வெளியே போனது.

இதை வகுப்பில் சொன்னதும் ஒரு பையனோ பெண்ணோ கண்டிப்பாகக் கேட்பார்கள்: “சார், அப்புறம் எழுதி என்ன பிரயோஜனம்?” அந்தக் கேள்வியை நான் சுலபமாகத் தள்ளிவிடுவதில்லை. அவர் எழுதினார் என்பதால்தான் ‘யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்து’ என்று பின்னால் எவராலும் சொல்ல முடியவில்லை. உலகம் முழுக்க வந்த செய்தியாளர்கள் முதலில் தேடிப் போனது அந்தச் சின்னப் பத்திரிகையின் பழைய பிரதிகளைத்தான். ஆனால் 1982இலேயே நான்கு பெரிய பத்திரிகைகள் அதை எடுத்து மறுபடி போட்டிருந்தால் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. கேஸ்வானி 2021 மே மாதம் கொரோனாவுக்குப் பிந்தைய பாதிப்பில் காலமானார். அப்போது எழுதப்பட்ட இரங்கல்களில்தான் என் மாணவர்களில் பலர் அவர் பெயரை முதல்முறை பார்த்தார்கள்.

அந்த ராத்திரி ரேடியோவும் டிவியும் என்ன செய்தன?

தனியார் டிவி அப்போது கிடையாது. ஆகாசவாணி, தூர்தர்ஷன் இரண்டும் அரசின் கையில். நள்ளிரவில் தூங்குகிற ஊரை எழுப்பும் ஏற்பாடு எதுவும் அவற்றிடம் இல்லை. அந்த நேரத்தில் ஊரை எழுப்பியிருக்கக்கூடிய ஒரே குரல் ஆலையின் சங்கு. பொதுமக்களுக்கான சங்கு கொஞ்ச நேரம் ஊதிவிட்டு நின்றது. ஊரில் பீதி வரக்கூடாது என்று கம்பெனி வைத்திருந்த நடைமுறை அப்படி.

ஊடகம் பற்றி யோசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு வாரம் கழித்து நடந்ததை. தொட்டிகளில் மிச்சமிருந்த ரசாயனத்தை என்ன செய்வது என்று பார்த்து, ஆலையை மறுபடி ஓட்டிப் பூச்சிமருந்தாக மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். டிசம்பர் 16இல் வேலை தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் ‘ஆபரேஷன் ஃபெய்த்’, அதாவது நம்பிக்கை. ஹெலிகாப்டரில் இருந்து தண்ணீர் தெளித்தார்கள், ஆலையைச் சுற்றி ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். பயப்பட வேண்டாம் என்று ரேடியோவும் பத்திரிகைகளும் நாள் முழுக்கச் சொல்லின. ஜனம் கேட்கவில்லை. லட்சக்கணக்கில் பஸ்ஸிலும் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாத வாய் பிறகு எதைச் சொன்னாலும் ஊர் நம்பாது என்பதை நான் இந்த ஒரு வாரத்தில்தான் படித்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தையின் படத்தை எடுத்தது யார்? இன்னும் அதைப் போடலாமா?

ஒரே குழந்தையை இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள். ரகு ராய் எடுத்தது கறுப்பு வெள்ளை. பாப்லோ பார்தொலோமியு எடுத்தது வண்ணம். 1984ஆம் ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வானது அதுதான்.

கறுப்பு வெள்ளைப் படத்தை ஒருமுறை அவசரப்படாமல் பாருங்கள். கல்லும் மண்ணுமான ஒரு குழி. அதில் குழந்தையின் முகம் மட்டும் தெரிகிறது. கண்கள் மூடவில்லை, பால் படர்ந்த மாதிரி வெளுத்திருக்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. முகத்தின் மேல் ஒரு பெரியவரின் கை. மண்ணைத் தள்ளி மூடப் போகிற கை. மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலவும் தெரிகிறது. குழந்தையின் பெயர் இன்றுவரை தெரியாது. என் பிள்ளைதான் என்று யாரும் முன்வந்ததில்லை. வர வேண்டியவர்களும் அந்த ராத்திரியில் போயிருக்கலாம்.

போடலாமா என்றால், போடலாம் என்பதுதான் என் கருத்து. பாதிக்கப்பட்டவர்களே நாற்பது வருஷமாக ஊர்வலங்களில் அந்தப் படத்தை ஏந்திப் போகிறார்கள். அதை மறைக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதை மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஒரே படம் வருவதால், போபால் என்றால் புதைத்து முடித்த விஷயம் என்று பார்க்கிறவர் மனசில் பதிந்துவிடுகிறது. ரகு ராய்க்கே இது தோன்றியிருக்க வேண்டும். 2000க்குப் பிறகு கிரீன்பீஸ் அமைப்புக்காக மறுபடி போபால் போய், உயிரோடு இருப்பவர்களை எடுத்தார். மருந்துச் சீட்டுகள், ஆஸ்பத்திரி வாசல், ஆலைச் சுவரை ஒட்டி விளையாடும் பிள்ளைகள். பத்திரிகைகள் அந்தப் படங்களையும் எடுத்துப் போட வேண்டும்.

எத்தனை பேர் இறந்தார்கள்? ஒவ்வொரு செய்தியிலும் ஒரு கணக்கு இருக்கிறதே?

உடனடிச் சாவு என்று அரசு முதலில் சொன்னது 2,259. பின்னால் மாநில அரசு 3,787 என்றது. இழப்பீட்டுக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட மரணங்கள் 5,295. முதல் மூன்று நாளில் மட்டுமே 7,000 முதல் 10,000 பேர், பின்வந்த வருஷங்களையும் சேர்த்தால் 22,000 பேருக்கு மேல் என்பது ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் மதிப்பீடு. காயமடைந்தவர்கள் 5,58,125 பேர் என்று 2006இல் அரசே நீதிமன்றத்தில் சொன்னது.

ஏன் இத்தனை வித்தியாசம்? குடிசைகளில் இருந்தவர்களில் பலருக்கு எந்தப் பதிவும் கிடையாது. குடும்பத்தோடு போனவர்களுக்காக வந்து எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. கூட்டமாகப் புதைத்தார்கள், ஒரே சிதையில் பலரை வைத்து எரித்தார்கள். ரயிலேறி வேறு ஊர் போய் அங்கே இறந்தவர்களும் உண்டு. ஐந்து வருஷம் இருமி இருமி இறந்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய மருத்துவ ஆய்வையும் 1994இலேயே முடித்துக்கொண்டார்கள். அப்புறம் எண்ண யாரும் மெனக்கெடவில்லை.

மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். எண்ணை எழுதும்போது அது யாருடைய எண் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

‘விபத்து’ என்று எழுதுவதா, ‘துயரம்’ என்றா, ‘படுகொலை’ என்றா?

ஹிந்திப் பத்திரிகைகளில் ‘காஸ் காண்ட்’ என்பார்கள். காண்ட் என்ற சொல்லில் குற்றத்தின் சாயல் உண்டு. நம் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘விஷவாயுக் கசிவு’ என்பது பழகிவிட்டது. ‘கசிவு’ என்றால் குழாய் ஒழுகின மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிப்பதில்லை. ஊர்க்காரர்கள் இதையெல்லாம் யோசிப்பதில்லை. அவர்களுக்கு அது வெறும் ‘காஸ்’. ‘காஸ் லகி’ என்பார்கள். பேய் பட்டது, வெயில் பட்டது என்று நாம் சொல்கிற மாதிரி, காஸ் பட்டது. ‘காஸுக்கு முன்னால் கல்யாணம் ஆச்சு’, ‘காஸுக்கு அப்புறம் பிறந்தவன்’ என்று காலத்தையும் அதை வைத்தே எண்ணுவார்கள். நான் ‘பேரழிவு’ என்று எழுதுகிறேன். குளிரூட்டியை யாரோ நிறுத்தினார்கள், குழாயை யாரோ கழற்றினார்கள் என்பதை அடுத்த வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

2010இல் மட்டும் டிவி எல்லாவற்றிலும் திடீரென்று போபால் ஓடியதே, ஏன்?

அந்த வருஷம் ஜூன் 7ஆம் தேதி போபால் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கம்பெனியின் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு ஆண்டுச் சிறை. அன்றைக்கே ஜாமீன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த பெண்கள் நீதிமன்ற வாசலில் கத்தி அழுதது நேரலையில் போனது. 1984இல் பிறக்காதவர்கள்கூட அன்று கொதித்தார்கள்.

அதற்கடுத்த வாரங்களில் எல்லா சேனல்களும் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வியை: வாரன் ஆண்டர்சனைத் தப்ப விட்டது யார்? யூனியன் கார்பைடின் தலைவரான ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7இல் போபால் வந்தார், கைதானார், 25,000 ரூபாய் ஜாமீனில் அன்றே விடப்பட்டார், அரசு விமானத்திலேயே டெல்லிக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வரவே இல்லை. 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் இறந்தார். அதுவும் ஒரு மாதம் கழித்துத்தான் செய்தியானது. கேட்க வேண்டிய கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கட்சி, எந்தத் தலைவர் போன் போட்டார் என்ற விவாதத்திலேயே மாதம் ஓடிவிட்டது. 330 கோடி டாலர் கேட்டு மத்திய அரசு போட்ட வழக்கை 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டது பற்றியும், பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களின் கையில் முதலில் வந்த தொகை 25,000 ரூபாய்தான் என்பது பற்றியும் பேச நேரம் கிடைக்கவில்லை. ஆண்டர்சனின் ஜாமீன் தொகையும் ஒரு வாழ்நாள் மூச்சிரைப்புக்கான தொகையும் ஒன்றாகவே இருந்தன.

கூடுதலாக 7,844 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு போட்ட சீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச் 14இல் தள்ளுபடி செய்தது. அன்று எத்தனை சேனல்களில் விவாதம் நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பி.பி.சி.யில் பொய்ச் செய்தி ஒன்று வந்ததாமே?

ஆமாம். 2004 டிசம்பர் 3, இருபதாம் ஆண்டு நாள். யூனியன் கார்பைடை 2001இல் டவ் கெமிக்கல் வாங்கியிருந்தது. அந்த டவ்வின் பேச்சாளர் என்று ஒருவர் பி.பி.சி. உலகச் செய்தியில் தோன்றி, முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், 1,200 கோடி டாலர் தருகிறோம் என்றார். அவர் டவ் ஆளே இல்லை; ‘யெஸ் மென்’ என்ற அமெரிக்கக் குழுவைச் சேர்ந்தவர், கம்பெனியை அம்பலப்படுத்த இதைச் செய்தார். கொஞ்ச நேரத்தில் உண்மை தெரிந்துவிட்டது. அதற்குள் ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில் டவ் பங்குகளின் மதிப்பு 200 கோடி டாலர் சரிந்தது. போபாலில் செய்தியைக் கேட்டவர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள், அப்புறம் ஏமாந்து அழுதார்கள்.

இதில் என்னால் இன்னும் ஒரு பக்கம் சாய முடியவில்லை. கம்பெனி நியாயமாக நடந்துகொண்டால் சந்தை அதை எப்படித் தண்டிக்கும் என்று அந்த அரைமணி நேரம் காட்டியது. இருபது வருஷம் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பாடத்தின் விலை ரொம்ப அதிகம்.

படங்களும் ஓடிடி தொடர்களும் நடந்ததைச் சரியாகக் காட்டுகின்றனவா?

1999இல் ‘போபால் எக்ஸ்பிரஸ்’ வந்தது, 2014இல் ‘போபால்: எ பிரேயர் ஃபார் ரெயின்’, 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் ‘தி ரயில்வே மென்’. கடைசியாகச் சொன்னதில் நம் மாதவன் இருக்கிறார் என்பதால் இங்கேயும் நிறையப் பேர் பார்த்தார்கள். என் மாணவர்கள் போபாலுக்குள் நுழைகிற வாசல் இப்போது அதுதான்.

அந்தத் தொடரால் ஒரு நல்ல காரியம் நடந்தது. போபால் ரயில் நிலையத்தில் அன்று பணியில் இருந்த துணை நிலையக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், நின்றுகொண்டிருந்த ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பிவிட்டு நூற்றுக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். 2003இல் அவர் இறந்தபோது அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம்பேர். தொடர் வந்த பிறகு அந்தப் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் நான்கு பகுதிகளும் அந்த ஒரு ராத்திரியைச் சுற்றித்தான். விடிந்ததும் கதை முடிகிறது. உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய நல்லவர்களைப் பார்த்து நெஞ்சு நிறைந்து எழுந்துவிடுகிறோம். குளிரூட்டியை நிறுத்தியவன் எவன் என்ற கோபம் அந்த நிறைவில் கரைந்துவிடுகிறது. ராத்திரியைக் காட்டுவது திரைக்குச் சுலபம்: புகை, ஓட்டம், இசை. நாற்பது வருஷம் ஒரு அம்மா மருந்துக் கடைக்கும் கோர்ட்டுக்கும் நடந்ததை எப்படிக் காட்டுவது? அது கஷ்டம்தான். யாராவது முயற்சி செய்ய வேண்டும்.

போபால்காரர்கள் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள்?

பத்திரிகையும் டிவியும் போன பிறகு நினைவைக் கையில் வைத்துக்கொண்டவர்கள் பெண்கள். பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பர்தா போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்கள். அப்துல் ஜப்பார் நடத்திய பெண்கள் சங்கம் வாரம்தோறும் சனிக்கிழமை ஒரு பூங்காவில் கூடியது. பல வருஷம் தவறாமல் கூடியது. “போபால் பெண்கள் நாங்கள், பூவல்ல, தீப்பொறி” என்பது அவர்கள் கோஷம். ஜப்பார் 2019இல் இறந்தார். பத்மஸ்ரீ அதற்கு அப்புறம் வந்தது. ரஷீதா பீ, சம்பா தேவி சுக்லா என்ற இருவருக்கு 2004இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. அந்தப் பணத்தை வைத்து, குறைபாடுகளோடு பிறந்த குழந்தைகளுக்காக ‘சிங்காரி’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். சிங்காரி என்றால் தீப்பொறி. கோஷத்தில் இருந்த சொல்லையே எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஆலைக்கு எதிரே ஒரு சிலை இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ரூத் வாட்டர்மன் 1985இல் செய்தது. யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் மகள் அவர். ஒரு தாய் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், கையில் ஒரு குழந்தை, பின்னால் இன்னொன்று அவளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அடியில் ஹிரோஷிமாவும் வேண்டாம், போபாலும் வேண்டாம், நாங்கள் வாழ வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அரசு கட்டிய நினைவுச் சின்னம் அல்ல அது.

1984க்கு அப்புறம் பிறந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? அவர்கள் அந்த வாயுவைச் சுவாசிக்கவில்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததே ஊடகத்தின் பெரிய பிழை என்று நினைக்கிறேன். ராத்திரியை மட்டும் காட்டிக் காட்டி, அது முடிந்துபோன மாதிரி ஆக்கிவிட்டோம்.

ஆலை ஓடிய காலம் முழுக்க அதன் கழிவுகளை வளாகத்துக்குள் குழிகளிலும், வெளியே ஆவியாக்கும் குட்டைகளிலும் கொட்டினார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கியது. சுற்றியிருந்த பேட்டைகளின் கைப்பம்புகளில் வந்ததும் அந்தத் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் கேட்டு அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வாயு அடித்தபோது பிறந்தே இராதவர்கள் தண்ணீரால் பாதிக்கப்பட்டார்கள். தாய்க்கு வாயு, மகளுக்குத் தண்ணீர், பேரனுக்கு இரண்டின் மிச்சம் என்று மூன்று தலைமுறை ஒரே வீட்டில் இருக்கிறது.

2012இல் லண்டன் ஒலிம்பிக்குக்கு டவ் புரவலராக இருந்தது. விளையாட்டு தொடங்குவதற்கு முந்தின நாள், போபாலில் ஆலையின் நிழலில், குறைபாடுகளோடு பிறந்த பிள்ளைகளை வைத்துத் தனியாக ஒரு ‘ஒலிம்பிக்’ நடத்தினார்கள். நடக்க முடியாத பிள்ளைகளை அம்மாக்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போன ஓட்டப்பந்தயம். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் எல்லாரும் அன்று வந்தார்கள். ஊடகம் எப்போது திரும்பிப் பார்க்கும் என்பதை அந்தத் தாய்மார்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

2025இல் கழிவை அகற்றிவிட்டார்களே, கதை முடிந்ததா?

2025 புத்தாண்டு ராத்திரி 12 கன்டெய்னர் லாரிகளில் 337 டன் கழிவு போபாலை விட்டுக் கிளம்பியது. சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி பீதம்பூரில் எரித்தார்கள். அங்கே இருப்பவர்கள் எங்கள் ஊருக்கு ஏன் என்று போராடினார்கள். இரண்டு பேர் தீக்குளிக்க முயன்றார்கள். ஜூன் கடைசியில் எரித்து முடித்ததாக அறிவிப்பு வந்தது. ‘போபால் சுத்தமானது’ என்று தலைப்புப் போட்டவர்கள் உண்டு. போனது கிடங்கில் கட்டி வைத்திருந்த கழிவு மட்டும். மண்ணுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் இருப்பது அங்கேயேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாம் ஏன் இதைப் பேச வேண்டும்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலுக்கு அடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயில் அமோனியா கசிந்தது. மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மறுநாள் அவர்களில் பலர் வாயில் வந்த சொல் போபால். எந்தப் பத்திரிகையும் அவர்களுக்கு ஆண்டுதோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கவில்லை. அது எப்படியோ அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஆனால் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள்ளுங்கள், காற்றுக்குக் குறுக்காகப் போங்கள் என்பது அந்தப் பெயரோடு சேர்ந்து வந்திருக்க வேண்டாமா? டிசம்பர் 3இல் நாம் போடும் கட்டுரையில் இந்த இரண்டு வரியாவது இருக்கட்டும்.

போபால் போனால் எதைப் பார்க்கலாம்?

ஆலை இன்னும் நிற்கிறது, துருப்பிடித்து. உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும். சிலை வெளியிலேயே இருக்கிறது. கரோந்த் பக்கத்தில் ‘ரிமெம்பர் போபால்’ அருங்காட்சியகத்தை 2014இல், முப்பதாம் ஆண்டு நாளில் திறந்தார்கள். அரசுப் பணமோ கம்பெனிப் பணமோ வாங்காமல், பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் வீட்டில் இருந்து கொடுத்த பொருள்களை வைத்து உண்டாக்கியது. திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

அங்கே எழுத்துப் பலகைகள் அதிகம் இருக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சுவரில் பழைய காலத்து டெலிபோன் ரிசீவர் ஒன்று தொங்கும். எடுத்துக் காதில் வைத்தால் அந்தப் பொருளைக் கொடுத்தவர் பேசுவார், ஹிந்தியில். ஹிந்தி தெரியாவிட்டாலும் எடுங்கள். பேச்சுக்கு நடுவில் வருகிற இருமல் புரியும்.